தேடுபொறியில் ஒத்தசொற்கள்: ஒரு திறனாய்வு

நீரிழிவு, சர்க்கரை நோய், சலரோகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் பெயர்கள். முதலாவது பாடநூல்களிலும் மருத்துவ ஏடுகளிலும் வழங்குவது. இரண்டாவது தமிழகத்துப் பேச்சில் நாள்தோறும் கேட்பது. மூன்றாவது இலங்கைத் தமிழரிடையே, சிறப்பாக மூத்தவர்களின் பேச்சில் வழங்குவது. ஒரு தளத்தில் இந்நோயைப் பற்றி நூறு கட்டுரைகள் இருக்கலாம். ஆயினும் "சலரோகம்" என்று தட்டச்சிடும் ஒருவருக்கு "முடிவுகள் இல்லை" என்ற விடை வருமானால், அத்தளம் அவருக்கு இருந்தும் இல்லாததே. இக்குறையை நீக்குவதற்காகத் தேடுபொறிகளில் உள்ள வசதி ஒத்தசொற் பட்டியல் எனப்படும். இன்ன சொல்லும் இன்ன சொல்லும் ஒன்று எனக் கோப்பு ஒன்றில் எழுதி வைத்தால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றதும் கிடைக்கும்.

பணி எளிது போலத் தோன்றுகிறது. அதனாலேயே இதை மென்பொருள் அமைப்பின் சிறு கூறாகக் கருதி, கிடைத்த சொற்களையெல்லாம் ஒரே வரியில் எழுதி முடித்துவிடும் போக்கு உள்ளது. இக்கட்டுரை அப்போக்கை மதிப்பிடுகிறது. ஒத்தசொற் பட்டியல் தயாரித்தல் அகராதித் தொகுப்பைச் சேர்ந்த பணி. சொற்களுக்கிடையே உள்ள பலவகை உறவுகளை ஒரே சமக்குறிக்குள் அடக்கினால் தேடல் திருந்துவதில்லை, கெடுகிறது. இதைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே காட்டலாம்.

சிக்கலின் தோற்றம்

தேடுபொறி ஆவணங்களைத் தேடும் நேரத்தில் முதலிலிருந்து படிப்பதில்லை. முன்னதாகவே எந்தச் சொல் எந்த ஆவணத்தில், எந்த இடத்தில் வருகிறது என்று ஒரு சொல்லடைவைத் தயாரித்து வைத்திருக்கும். தேடுபவர் தரும் சொல்லை அந்த அடைவில் பார்த்து, அதற்கு நேரே உள்ள ஆவணங்களை எடுத்துத் தரும். பொறிக்குச் சொல் என்பது எழுத்துகளின் வரிசை மட்டுமே. "மருத்துவமனை" என்பதும் "ஆஸ்பத்திரி" என்பதும் அதற்குத் தொடர்பற்ற இரண்டு வரிசைகள்.

மனிதர்களோ ஒரு பொருளை ஒரே சொல்லால் குறிப்பதில்லை. ஜார்ஜ் ஃபர்னாஸ் உள்ளிட்ட நால்வர் 1987இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒரே பொருளுக்கு இருவர் தாமாகத் தேர்ந்தெடுக்கும் சொல் ஒன்றாகவே அமையும் வாய்ப்பு 20 விழுக்காட்டிற்கும் குறைவு என்று அவர்கள் கண்டனர். எழுதியவர் ஒரு சொல்லைக் கொள்கிறார். தேடுபவர் வேறு சொல்லைக் கொள்கிறார். இருவரையும் இணைக்கும் பாலமாகவே ஒத்தசொற் பட்டியல் வருகிறது. அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது.

பட்டியலின் இலக்கணம்

லூசீன் என்னும் திறந்தமூல நிரலகத்தின் மேல் எழுந்தவை சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய தேடுபொறிகள். நூலகங்கள், செய்தித் தளங்கள், கடைகள் எனப் பலவும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் வழங்கும் ஒத்தசொற் கோப்பின் இலக்கணம் மிகச் சிறியது. அதில் இரண்டே குறிகள் உள்ளன.

முதலாவது காற்புள்ளி. "நீரிழிவு, சலரோகம்" என்று எழுதினால் இரண்டும் சமம். எதைத் தேடினாலும் மற்றதும் கிடைக்கும். இரண்டாவது அம்புக்குறி. அம்பின் இடப்பக்கச் சொல் வலப்பக்கச் சொல்லாக மாற்றப்படும். இங்கே ஒரு பொறி உள்ளது. தேடும் நேரத்தில் மட்டும் செயல்படும் கோப்பில் "வைத்தியர் => மருத்துவர்" என்று எழுதினால், வைத்தியர் என்ற சொல் தேடலிலிருந்தே நீங்கிவிடும். அச்சொல்லை மட்டுமே கொண்ட ஆவணங்கள் அதே சொல்லால் தேடினாலும் கிடைக்காமல் போகும். அதைத் தவிர்க்க "வைத்தியர் => வைத்தியர், மருத்துவர்" என்று வலப்பக்கத்திலும் எழுத வேண்டும்.

சோலருடன் தரப்படும் மாதிரிக் கோப்பு இத்துறையின் மனப்பாங்கைக் காட்டுகிறது. அதில் தொலைக்காட்சி என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அதன் சுருக்கமும் பன்மையும் ஒரே வரியில் உள்ளன. எழுத்துப்பிழைத் திருத்தத்திற்கும் இதே கோப்பைப் பயன்படுத்தலாம் என்று ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. ஜிகாபைட் என்பதும் அதன் ஜிபி, ஜிஐபி என்னும் சுருக்கங்களும் சமம் என்று ஒரு வரி கூறுகிறது. உண்மையில் நியம வழக்கில் முன்னது 100 கோடி பைட்டு. பின்னது 107 கோடிக்கும் சற்று மேல். கணினிக் கடையில் பொருள் தேடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. சேமிப்பகக் கணக்கைப் பற்றிய தொழில்நுட்ப ஏட்டில் அதுவே தேடப்படும் பொருளாக இருக்கக்கூடும். பன்மை, சுருக்கம், பிழை, அலகு, ஒத்தசொல் ஆகிய ஐந்தும் ஒரே கோப்பில் ஒரே குறியால் எழுதப்படும்போது, எது எந்தக் காரணத்திற்காகச் சேர்க்கப்பட்டது என்பது மறைந்துவிடுகிறது.

நிகண்டு காட்டும் மூன்று உறவுகள்

தமிழில் இப்பணிக்கு நெடிய முன்வரலாறு உண்டு. தொல்காப்பியம் திரிசொல்லை இருவகையாகப் பிரிக்கிறது: ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல். கிடைத்துள்ள தமிழ் நிகண்டுகளுள் பழமையானதாகிய திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. அவற்றுள் முதல் பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என வகைப்படுத்தி ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருகின்றன. பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுகிறது. பன்னிரண்டாம் தொகுதி ஒரு கூட்டத்திற்குரிய தொகைப் பெயர்களைக் கூறுகிறது.

தேடுபொறியின் நோக்கில் பார்த்தால் இவை மூன்று வெவ்வேறு உறவுகள். முதலாவது சமன்பாடு. இருபக்கமும் செல்லலாம். இரண்டாவது எச்சரிக்கை. "மா" என்பது மரம், குதிரை, விலங்கு, நிலவளவை, இருபதில் ஒரு பங்கு, அரிசி மா எனப் பல பொருள் தரும். ஆகவே அதை எந்தச் சொல்லோடும் கண்ணை மூடிக்கொண்டு சமப்படுத்தக் கூடாது. மூன்றாவது ஒருவழிப் பாதை. முக்கனி என்று தேடுபவருக்கு மா, பலா, வாழை பற்றிய கட்டுரைகள் பயன்படும். வாழைத்தோட்டத்தில் வரும் வாடல் நோயைத் தேடுபவருக்கு முக்கனி பற்றிய கட்டுரை பயன்படாது. எனவே முக்கனியிலிருந்து வாழைக்கு அம்பு செல்லலாம். வாழையிலிருந்து முக்கனிக்குச் செல்லக் கூடாது.

இந்த மூன்றையும் தனித்தனித் தொகுதிகளாக வைத்ததே நிகண்டின் முறை. இன்றைய ஒத்தசொற் கோப்பில் முதல் உறவுக்குக் காற்புள்ளி உண்டு. மூன்றாவதற்கு அம்பு உண்டு. இரண்டாவதற்கு, அதாவது ஒரு சொல் பல பொருள் தருவதைக் குறிப்பதற்கு, குறியே இல்லை. அந்த இடத்தைத் தொகுப்பாளரின் அறிவுதான் நிரப்ப வேண்டும்.

நிகண்டை அப்படியே இடலாமா?

மேற்கூறியதைக் கொண்டு, ஒரு நிகண்டை மின்வடிவாக்கிக் கோப்பில் கொட்டிவிட்டால் போதும் என்று முடிவு செய்வது தவறு. நிகண்டு புலவருக்காகச் செய்யப்பட்டது. செய்யுளைப் படிப்பவர் பொருள் உணரவும், செய்யுளை இயற்றுபவர் ஓசைக்கேற்ற சொல்லைத் தேரவும் அது உதவியது. தேடுபவரின் தேவை வேறு.

ஞாயிறு, கதிரவன், பரிதி, ஆதவன், சூரியன் ஆகியவை நிகண்டு நெறிப்படி ஒருபொருட் பெயர்கள். இவற்றை ஒரே வரியில் எழுதினால் "ஞாயிறு விடுமுறை" என்று தேடுபவருக்குச் சூரியக் குடும்பத்தைப் பற்றிய கட்டுரைகள் வரும். ஆதவனின் சிறுகதைகளைத் தேடும் மாணவருக்குச் சூரிய ஒளி மின்சாரம் வரும். "திங்கள்" என்பது நிலவு, கிழமை, மாதம் ஆகிய மூன்றையும் குறிப்பதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பரிதிமாற் கலைஞர் என்பது வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்ட வடிவம். சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞராகவும் ஆயினர். இவ்விரு பெயர்களும் ஒருவரையே குறிப்பதால், ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்க வேண்டும். ஆனால் பெயரின் உறுப்புகளைத் தனித்தனியே சமப்படுத்தினால், கலைஞர் என்று தேடுபவருக்குச் சாஸ்திரிகள் அனைவரும் வந்து நிற்பர். முழுப்பெயர் சமம், உறுப்புச் சொற்கள் சமமல்ல.

மிகப் பாதுகாப்பான ஒத்தசொற்கள் பெரும்பாலும் இவ்வாறு ஒரே பொருளை மட்டும் சுட்டும் பெயர்களே. ரொறன்ரோ, டொராண்டோ, அவுஸ்திரேலியா, ஆஸ்திரேலியா, யேர்மனி, ஜெர்மனி போன்ற இணைகளில் முன்னவை ஈழத்தமிழர் எழுத்துமுறை, பின்னவை தமிழக எழுத்துமுறை. இவற்றைச் சமப்படுத்துவதால் யாருக்கும் இழப்பில்லை. ஒரு தமிழ்த் தளம் பட்டியல் வேலையை இத்தகைய பெயர்களிலிருந்து தொடங்குவது நல்லது.

இடம் மாறப் பொருள் மாறும் சொற்கள்

சிக்கல் மிகுந்த பகுதி இதுவே. யாழ்ப்பாணத்தின் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போதனா வைத்தியசாலை என்று பெயர். அங்கே வைத்தியர் என்றால் ஆங்கில மருத்துவம் கற்றவர். தமிழகத்தில் அவரை மருத்துவர் அல்லது டாக்டர் என்பர். வைத்தியர் என்றால் சித்த மருத்துவமோ நாட்டு மருத்துவமோ பார்ப்பவரையே முதலில் நினைப்பர். இரு நாட்டாரும் படிக்கும் தளத்தில் "வைத்தியர், மருத்துவர்" என்று ஒரே வரியில் எழுதினால் இலங்கை வாசகருக்கு அது சரி. தமிழக வாசகருக்குப் பாதி சரி. வைத்தியர் என்று தேடுபவருக்கு மருத்துவரையும் சேர்த்துத் தந்து, மருத்துவர் என்று தேடுபவருக்கு அச்சொல்லுக்குரிய ஆவணங்களை முன்னே நிறுத்துவதே பொருத்தம்.

நோய்ப்பெயர்களில் பிழை இன்னும் ஆழமாகச் செல்லும். தமிழகத்தில் தட்டம்மை எனப்படும் நோய் இலங்கையில் சின்னமுத்து எனப்படுகிறது. தமிழகத்தில் சின்னம்மை எனப்படுவது இலங்கையில் கொப்புளிப்பான். எழுத்தளவில் சின்னமுத்தும் சின்னம்மையும் ஒன்றுபோலத் தோன்றும். முத்து என்பது அம்மைக் கொப்புளத்தைக் குறிக்கும் பொதுவழக்கும் தமிழகத்தில் உண்டு. ஆகவே தமிழகத் தொகுப்பாளர் ஒருவர் இவ்விரண்டையும் சமமென எழுதிவிடுவது மிக எளிது. விளைவாக, சின்னமுத்துத் தடுப்பூசி பற்றித் தேடும் ஒரு தாய்க்கு வேறொரு நோயின் தடுப்பூசி பற்றிய கட்டுரை முதலில் வரும். இரண்டும் வெவ்வேறு வைரசுகளால் வருபவை, தடுப்பூசியும் வேறு. முடிவுகள் இல்லை என்று வந்திருந்தால் அவர் வேறு இடத்தில் கேட்டிருப்பார். தவறான முடிவு வரும்போது அதையே சரியென்று நம்பிவிடக் கூடும்.

"அம்மை" என்ற பொதுச்சொல்லும் கவனத்திற்குரியது. அதைப் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றுடனும் காற்புள்ளியால் சேர்த்தால் அம்மூன்றும் தமக்குள்ளும் சமமாகிவிடும். பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. தட்டம்மை தேடுபவருக்கு ஒழிந்துபோன நோயின் வரலாறு வருவதால் பயனில்லை. அம்மையிலிருந்து மூன்றுக்கும் அம்பு செலுத்துவதே முறை. அப்போதும் அம்மை என்பது தாயையும் குறிக்கும் என்பதை மறக்கலாகாது. மருத்துவத் தளத்திற்குப் பொருந்தும் அவ்விதி இலக்கியத் தளத்தில் காரைக்கால் அம்மையைத் தேடுபவரைத் தடுமாற வைக்கும்.

இவ்வகைச் சிக்கலுக்கு நல்ல முன்மாதிரி மருத்துவ நூலகத்துறையிலேயே உள்ளது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் வெளியிட்டு, ஆண்டுதோறும் திருத்திவரும் மருத்துவப் பொருட்தலைப்புத் தொகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தலைப்புச்சொல்லும், அதற்கு இட்டுச்செல்லும் பிற சொற்களும் உண்டு. தலைப்புகள் மரம்போல் கிளைத்திருக்கும். பப்மெட் தளத்தில் பொதுவான நோய்ப்பெயரைத் தேடினால் அதன் உட்பிரிவுகளும் சேர்ந்து வரும்; உட்பிரிவைத் தேடினால் பொதுப்பெயர் முழுவதும் வராது. திவாகரம் பிரித்த அதே வேறுபாடு இங்கும் காக்கப்படுவதைக் காணலாம்.

எப்போது விரிப்பது?

ஒத்தசொற்களைச் சொல்லடைவு தயாரிக்கும்போதே சேர்க்கலாம், தேடும்போதும் சேர்க்கலாம். முதல் முறையில் தேடல் விரைவு. ஆனால் அடைவு பெருக்கும். பட்டியலில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் ஆவணங்கள் அனைத்தையும் மீண்டும் அடைவுசெய்ய வேண்டும். இரண்டாம் முறையில் திருத்தம் எளிது. அடிக்கடி திருத்தப்பட வேண்டிய பட்டியலுக்கு இரண்டாவதே ஏற்றது.

தரவரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. அரிதாக வரும் சொல்லுக்கு மிகுந்த எடை தருவது, கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்த கருத்தின் வழிவந்த பொதுவான முறை. அதன்படி நீரிழிவு என்று தேடும்போது விரிவாகச் சேர்க்கப்பட்ட சலரோகம் அரிய சொல் என்பதாலேயே அதைக் கொண்ட ஆவணங்கள் மேலே ஏறிவிடும்; தேடியவர் தந்த சொல் பின்தங்கும். லூசீனில் ஒத்தசொற்களை ஒரே சொல்லாக எண்ணிக் கணக்கிடும் வழி இதற்காகவே அமைக்கப்பட்டது.

தமிழுக்கு உரிய இடர்கள் இரண்டு. ஒன்று, நீரிழிவு ஒரு சொல். சர்க்கரை நோய் இரு சொல். இரண்டையும் சமப்படுத்தும்போது பழைய வடிகட்டிகளில் சொற்களின் இடவரிசை குழம்பி, சொற்றொடர்த் தேடல் பிழைபட்டது. இதைச் சீர்செய்யும் வரைபட வடிவ ஒத்தசொல் வடிகட்டி பின்னர் வந்தது. அது தேடும் நேரத்தில்தான் முழுமையாகச் செயல்படும். மற்றொன்று, வேற்றுமையுருபு. ஆவணத்தில் வைத்தியசாலைக்கு, வைத்தியசாலையில் என்றே வரும். பட்டியலில் வைத்தியசாலை என்று இருக்கும். விகுதி நீக்கும் வடிகட்டியை முன்னும் ஒத்தசொல் வடிகட்டியைப் பின்னும் வைக்காவிட்டால் விதி பொருந்தாமலே போகும். எழுத்து வேறுபாடுகளைப் பட்டியலில் ஏற்றுவதும் வீண்பாரம். ஒருங்குறியில் ஸ்ரீ இருவேறு குறியீட்டு வரிசைகளால் எழுதப்படுகிறது. இதற்கு எழுத்துச் சீராக்கமே மருந்து.

வழக்கிறங்கிய சொற்கள்

காலத்தால் மாறிய சொற்கள் தனிக் கவனம் வேண்டுபவை. ஊனமுற்றோர் என்ற சொல்லின் இடத்தில் தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் என்ற சொல் வழங்கி வருகிறது. பழைய அரசாணைகளிலும் நூல்களிலும் முந்தைய சொல்லே உள்ளது. இன்று மாற்றுத்திறனாளி உதவித்தொகை என்று தேடுபவருக்குப் பழைய ஆணையும் கிடைக்க வேண்டும். அது அவருடைய உரிமையோடு தொடர்புடையது. ஆகவே பொருத்தத்தில் இருபக்கமும் வழி திறந்திருக்கலாம். ஆனால் தேடுபெட்டியில் பரிந்துரையாகப் பழைய சொல்லைக் காட்டத் தேவையில்லை. ஆவணத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு சொல் வேண்டும் என்பதால், வாசகரை அச்சொல்லால் அழைக்க வேண்டியதில்லை. இவ்விரு பணிகளுக்கும் ஒரே கோப்பைப் பயன்படுத்துவது மற்றொரு பொதுக்குறை.

திசையன் தேடல் வந்தபின்

சொற்களை எண்களின் வரிசையாக மாற்றிப் பொருள் நெருக்கம் காணும் திசையன் தேடல் வந்துவிட்டதால் ஒத்தசொற் பட்டியல் தேவையற்றது என்பாரும் உளர். இக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. பட்டியலில் யாரும் எழுதாத உறவுகளையும் அம்முறை காண்கிறது. நீண்ட வினாக்களில் நன்கு உதவுகிறது. ஆனால் அது அளப்பது சொற்கள் வழங்கும் சூழலின் ஒப்புமையை. தட்டம்மையும் சின்னம்மையும் காய்ச்சல், குழந்தை, தடுப்பூசி என்ற ஒரே வகைச் சூழலில் வருபவை. ஆதலால் நெருக்கமாகவே வைக்கப்படும். எதிர்ச்சொற்கள் அருகருகே அமைவதும் இம்முறையின் அறியப்பட்ட குறை. மேலும், பட்டியலில் ஒரு வரி தவறானால் அதைக் கண்டு நீக்கலாம். திசையனில் அவ்வாறு சுட்டிக்காட்ட ஒரு வரி இல்லை.

ஒத்தசொல் விரிவு தானாகவே நன்மை தரும் என்ற நம்பிக்கையும் முன்பே சோதிக்கப்பட்டது. எல்லன் வூர்ஹீஸ் 1994இல் வேர்ட்நெட் சொல்வலையைக் கொண்டு வினாக்களை விரித்துப் பார்த்தார். சொற்களைக் கையாலேயே தேர்ந்து சேர்த்தபோதும், முழுமையாக எழுதப்பட்ட நீண்ட வினாக்களில் முன்னேற்றம் மிகக் குறைவு. குறுகிய, தெளிவற்ற வினாக்களில்தான் பயன் தெரிந்தது. பெரிய பட்டியல் நல்ல பட்டியலாகிவிடாது என்பதற்கு இது சான்று.

மதிப்பீடு

ஒத்தசொற் பட்டியல் தேவையான கருவி. அதன் குறை அமைப்பில் பாதி, பயன்பாட்டில் பாதி. அமைப்பில், ஒரு சொல்லின் பல பொருளைக் குறிக்க இடமில்லை. பயன்பாட்டில், சமன்பாடு அல்லாத உறவுகளும் சமமென எழுதப்படுகின்றன. இரண்டாவதை இன்றே திருத்தலாம். ஒவ்வொரு வரிக்கும் மேலே அது சேர்க்கப்பட்ட காரணம், எந்த நாட்டு வழக்கு, எந்தத் துறைக்கு உரியது என்பனவற்றைக் குறிப்பாக எழுதலாம். ஐயமுள்ள இடத்தில் காற்புள்ளியை விடுத்து அம்பை இடலாம். சொல்லின் வழக்கை அவ்வழக்குக்கு உரியவரிடம் கேட்டு உறுதிசெய்யலாம்.

சோதனையும் இருபுறமும் வேண்டும். முடிவே வராத தேடல்களைப் பதிவேட்டிலிருந்து திரட்டி அதற்கேற்பச் சொற்களைச் சேர்ப்பது பரவலான நடைமுறை, நல்லதும்கூட. ஆனால் அது விடுபட்டவற்றை மட்டுமே காட்டும். தவறாக வந்த முடிவு பதிவேட்டில் வெற்றியாகவே எண்ணப்படும். ஆகவே "சின்னமுத்து", "ஞாயிறு விடுமுறை", "மா சாகுபடி" போன்ற இடர்ப்பாடுடைய வினாக்களின் சிறு தொகுதியைத் தயாரித்து, பட்டியலைத் திருத்தும்போதெல்லாம் அவற்றின் முதற்பத்து முடிவுகளைக் கண்ணால் பார்த்தல் வேண்டும். புதிய வரி ஒன்று எத்தனை ஆவணங்களைக் கூடுதலாகத் தந்தது என்பதோடு, அவற்றுள் எத்தனை தேடியவருக்கு உரியவை என்பதையும் கேட்ட பின்னரே அவ்வரியைப் பட்டியலில் நிலைநிறுத்த வேண்டும்.